காந்திமதியின் தொப்புள்

எங்கள் பள்ளியில் எந்தப் பாடத்தை நடத்துகிறோமோ, பிள்ளைகள் அதன்படியே ஆகிவிடுவார்கள். ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கு நான் பரிணாமம் நடத்துகிறேன். பாதிப் பாடத்தில் பிள்ளைகளுக்கு வால் முளைக்கும், மணி அடித்ததும் உதிர்ந்துவிடும். பெருக்குகிற அம்மா முனகிக்கொண்டே அள்ளிப்போவார். ‘ஆ’ பிரிவுக்குச் சிதம்பரநாதன், கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதனைப் படைத்தார் என்ற படைப்புப் பாடம் நடத்துகிறார். அவருடைய பிள்ளைகள் களிமண்ணாகிவிடுவார்கள். பாடம் முடிந்ததும் மைதானத்தில் கொஞ்ச நேரம் காய்ந்துவிட்டு வருவார்கள். மழைக்காலத்தில் அவர் பாடு திண்டாட்டம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, ஒளிப்பானேன்.

இரண்டையும் நடத்தலாம், எது வேண்டுமென்று பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. டீக்கடையில் வால்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, மண்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. நானும் சிதம்பரநாதனும் பேச்சை நிறுத்தியிருந்தோம். சாக்பீஸ் வேண்டுமென்றால்கூட தலைமையாசிரியை ஜெயசீலி மூலமாகத்தான் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

சங்கரவடிவு என்ற அம்மாவுக்கு இரட்டைப் பெண்கள், கோமதியும் காந்திமதியும். இந்த ஊரில் இரண்டு பிள்ளை இருந்தால் ஒன்றை இங்கிலீஷ் மீடியத்திலும் மற்றதைத் தமிழ் மீடியத்திலும் போடுவார்கள். ஒன்று விளங்காவிட்டாலும் இன்னொன்று விளங்கும் என்ற நம்பிக்கை. அதே கணக்கில் அவர் கோமதியை என்னிடமும் காந்திமதியைச் சிதம்பரநாதனிடமும் விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மகள்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால்தான் உடம்புச் சூடு தணியும் என்பது அவர் கட்சி. ஒரு வெள்ளிக்கிழமை கோமதிக்கு வைத்துவிட்டுத் திரும்பினால், காந்திமதிக்கு வைக்க இடமில்லை. புதிதாகப் பூசிய சுவர் போல வயிறு வழவழவென்று இருந்தது. எண்ணெய் வழிந்து பாவாடை பாழானதுதான் மிச்சம்.

ஈரத் தலையோடு இரண்டு பேரையும் நேரே பள்ளிக்குக் கூட்டி வந்துவிட்டார். படைக்கப்பட்டவர்களுக்குத் தொப்புள் எதற்கு, பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்று சிதம்பரநாதன் பூரித்துப்போனார். என் பிரிவுக்கு மாற்றுங்கள், தொப்புளும் வரும், கூடவே வாலும் வரும் என்றேன் நான். நடு வருஷத்தில் பிரிவு மாற்ற வழியில்லை என்றார் ஜெயசீலி. அப்போது கோமதி, அம்மாவுக்குப் பிறக்காத இவள் இனிமேல் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“ரெண்டு சாரும் இவ எங்கருந்து வந்தான்னு பாடம் நடத்துதீங்க. இவ வந்த அன்னைக்கு உங்கள்ல யாரு கூட இருந்தா?”

சங்கரவடிவு காந்திமதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் இருந்தேன். எனக்கும் ஒரு பீரியடு குடுங்க.”

ஜெயசீலிக்கு அது நியாயமாகப் பட்டது. நீதிபோதனை வகுப்பை யாரும் எடுப்பதில்லை, கணக்கு வாத்தியார்தான் எப்போதும் பறித்துக்கொள்வார். அதை எடுத்துச் சங்கரவடிவிடம் கொடுத்தார். அன்றைக்கே இரண்டு பிரிவையும் சைக்கிள் கொட்டகையில் சேர்த்து உட்காரவைத்தோம். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள நானும் சிதம்பரநாதனும் கடைசியில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு.

அவர் சாக்பீஸைத் தொடவே இல்லை. பிள்ளைகள் பிறந்த அன்றைக்குப் பேய்மழை என்று ஆரம்பித்தார். ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். ஆட்டோவுக்குள்ளேயே வலி முற்றிவிட்டது. கேட் திறப்பதற்குள் ஒருத்தி வந்துவிட்டாள், திறந்த பிறகு இன்னொருத்தி. இரண்டாவது பிள்ளை அழவில்லை. அவரே தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாராம். அது வீறிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது என்றார். சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

மணி அடித்தது. காந்திமதி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. கோமதி நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாடம் எல்லோருக்குமே நன்றாக ஏறியிருந்தது. சாயங்காலம் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் சங்கரவடிவு வீட்டுக்குப் போனார்கள். கொட்டகை வாசலில் நின்று கேட்டிருந்த ஜெயசீலியும் போனார். வேறெங்கே போவது, நாங்களும் போனோம். சங்கரவடிவு வாசலில் நின்று எங்களைப் பார்த்தார், உள்ளே போய்ப் பெரிய பானையாக எடுத்து உலை வைத்தார்.

ஆண்களுக்குச் சனிக்கிழமைதான் எண்ணெய். மறுநாள் காலையில் நானும் சிதம்பரநாதனும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். யாருக்கு முதலில் என்று தகராறு வந்தது. கிண்ணத்தோடு வந்த அம்மா எங்களை மாறிமாறிப் பார்த்தார். சிதம்பரம்தான் கேட் திறப்பதற்கு முன்னால் வந்தவன் என்று தீர்த்துவிட்டார். அண்ணன் எண்ணெய் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“நீதானல அழாமக் கெடந்தவன்? கிட்ட வா” என்றார் அம்மா.

போனேன். விளக்கெண்ணெய் குளிர்ச்சியாக இருந்தது.