குறுக்கே நின்ற வண்டி

பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும், வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகும் என்பது கெல்வினுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைக் கை கேட்க வேண்டுமே. மறுபடியும் டிரெய்லர் மடங்கி, வண்டியின் விலாவை இடிக்க வருவதுபோல வந்து நின்றது. அவன் பக்கக் கண்ணாடியில் வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

ஜன்னலுக்குப் பின்னால், தலைமாடு உயர்த்திய கட்டிலில், அவன் மனைவி டானிஸ் முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். விரல்களை வெளிப்பக்கமாக உதறினாள். முன்னே போய்விட்டு மறுபடி வா என்று அர்த்தம். விரல்களை உள்ளுக்கு இழுத்தால் வா. முஷ்டியை மூடினால் நில். இருபது வருஷம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவளின் சைகைகள் அவை. வீட்டில் சில நாள் சமையல்கூட அந்தச் சைகைகளில்தான் நடந்திருக்கிறது.

அவன் முன்னே போனான். கொட்டகையின் ஓரத்தில், ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கூடார டிரெய்லர் நிற்கும் இடத்துக்கு அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எப்போதும் டானிஸ்தான் செய்வாள், ஒரு கையால், வானொலி கேட்டுக்கொண்டே. இந்த முறை அவனும் சரியாகத்தான் ஆரம்பித்தான். டிரெய்லர் மெல்ல வளைந்தது. விரல்கள் வா, வா என்றன. பிறகு முஷ்டி மூடியது.

பிரேக்கை மிதித்தான். முஷ்டி ஜன்னல் கண்ணாடியில் ஊன்றியபடி நின்றது. வேலிக் கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்க்கிறாள் என நினைத்தான். காத்திருந்தான். டீசல் எஞ்சின் தடதடத்துக்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்த கால் வலிக்க ஆரம்பித்த பிறகுதான், அவள் முகம் தோளில் சாய்ந்திருப்பதைக் கவனித்தான்.

எஞ்சினை அணைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வண்டிக் கதவைச் சாத்தாமலே உள்ளே ஓடினான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு மட்டும் வேறு மாதிரி இருந்தது. இழுத்து, மறந்து, ஞாபகம் வந்தாற்போல மறுபடி இழுத்து. கண்ணாடியிலிருந்து அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தான். முஷ்டி பிரியவில்லை. நர்ஸுக்குப் போன் செய்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிடுங்கள் என்றாள் அவள்.

இந்த வண்டிப் பேச்சு ஆகஸ்டில் ஆரம்பித்தது. இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன வாரம். வீடு திரும்பும் வழியில், அதுவரை வாய் திறக்காமல் வந்த டானிஸ், வண்டி பார்க்கணும் என்றாள். அவர்களுடைய பழைய பிக்கப்பின் தரை துருவேறி ஓட்டையாகி, கீழே ஓடும் சாலை தெரியும் நிலைக்கு வந்திருந்தது. டிரெய்லரை இழுக்க அதனால் ஆகாது. கோடை வந்தால் ஏரிக்குப் போக வேண்டாமா என்று கேட்டாள். எந்தக் கோடை என்று கெல்வின் கேட்கவில்லை.

அதிலிருந்து கட்டிலெல்லாம் வண்டிதான். ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய நான்கு சக்கர இழுவை வேன்களின் அடிவயிற்றுப் படங்களை அவள் கைபேசியில் மணிக்கணக்காகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூத்தவள் கேரிஸுக்குப் பதினாறு வயது, வில்லாவுக்கு ஒன்பது. இரண்டு பேரும் இரண்டு பக்கம் சாய்ந்துகொண்டு கூடப் பார்த்தார்கள். பனிக்கு உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டி வேண்டாம், அந்த உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்றாள். நீளமான ஹையேஸ் வேன் ஒன்று வந்தது. உள்ளே நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் காட்டுப் பாதைத் திருப்பங்களில் டிரெய்லரோடு அதை கெல்வினால் வளைக்க முடியாது என்று தள்ளிவிட்டாள். கடைசியில் தெற்கு ஜப்பானில் ஓடிய டெலிக்கா ஒன்றில் வந்து நின்றாள். உயரம், குட்டை மூக்கு, மலை ஏறத் தனி கியர், ஏழு இருக்கை.

கெல்வின் பேரங்காடியில் ரொட்டி சுடுகிறவன். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் நெடுந்தூரம் அவன் ஓட்டியதே இல்லை. அந்த ஊரில் எல்லா வண்டிக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம். ஜப்பான் வண்டிக்கு வலப்பக்கம். நேராக இருப்பதையே ஒழுங்காக ஓட்டத் தெரியாதவனுக்கு மாறி இருப்பது எதற்கு என்று அவன் கேட்டுவிட்டான்.

"கெல்வின், இத்தன வருஷமா நீ எந்தப் பக்கம் உக்காந்துட்டு வர்ற?"

"வலப்பக்கம்."

"இனிமேயும் அங்கயேதான் உக்காரப் போற. ஸ்டியரிங் உன்னத் தேடி வருது, அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அப்படியானால் இடப்பக்கம் யார் என்று தோன்றியது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

வண்டியைத் துறைமுகத்திலிருந்து ஓட்டிவந்தவன் டானிஸின் அண்ணன் டார்சி. மரமில்லில் வேலை, வீடு போலப் பெரிய அமெரிக்க பிக்கப் வைத்திருப்பவன். ஜப்பான் வண்டியில் உட்காரவே கூச்சப்பட்டவன், தங்கை கேட்டாள் என்பதற்காக முந்தைய நாள் முழுக்க ஓட்டி, கெல்வின் டிரெய்லரோடு போராடிய அன்று காலைதான் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாப்ள, இதுல உக்காந்தா தபால்காரன் மாதிரி இருக்கு, அவன் வண்டிக்குத்தான் ஸ்டியரிங் வலப்பக்கம்," என்றான். "வண்டில உக்காந்தே வாங்குற காபிக் கடை ஜன்னல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இறங்கி வண்டியச் சுத்திப் போய் காபி வாங்கிட்டு வந்தேன். பின்னாடி நின்னவன் ஹாரன் அடிக்கிறான்."

டானிஸ் சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, ஆனால் சிரித்தாள். டார்சி மில்லுக்குப் போன பிறகுதான், டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுத்துக் காட்டு என்று கெல்வினிடம் கேட்டாள்.

மத்தியானத்துக்கு மேல், மில்லிலிருந்து திரும்பிய டார்சியோடு எல்லாரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். கேரிஸ் அம்மாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். வில்லா கால்மாட்டில் ஏறிச் சுருண்டுகொண்டாள். ஒரு தடவை டானிஸ் கண்ணைத் திறந்தாள். பார்வை யார் மேலும் நிற்கவில்லை.

"நேரா நிக்குதா?" என்றாள்.

முற்றத்தில் வண்டி ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமுமாக, ஒடிந்ததுபோலக் குறுக்கே நின்றது. கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

"நேரா நிக்குது," என்றான் கெல்வின்.

டார்சி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். விளக்குப் போடும் நேரத்தில் மூச்சு ஒருமுறை மறந்தது. பிறகு ஞாபகம் வரவில்லை. வெகுநேரம் யாரும் விளக்கைப் போடவில்லை.

இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களின் நீண்ட வண்டி வாசல்வரை வர வழியில்லாமல் வெளிக்கதவிலேயே நின்றது. மூத்தவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வண்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். முடியாது என்றான் கெல்வின். அவர் தலையசைத்துவிட்டு டார்சியைப் பார்த்தார். டார்சி, சாவியைத் தா நான் எடுக்கிறேன் என்று கையை நீட்டினான். கெல்வின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டார்சி அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன மாப்ள இது? என் தங்கச்சிய வேலி ஓரமா ஈரப் புல்லுல தூக்கிட்டுப் போறதா?"

"அவ நிறுத்தச் சொன்னா, டார்சி. இன்னும் வரச் சொல்லல."

டார்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போய், ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைத் தானே பிடித்தான். டிரெய்லருக்கும் வேலிக்கும் நடுவே இருந்த இடுக்கில், பக்கவாட்டாக அடியெடுத்து வைத்து, அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவே பனி பெய்தது. அடுத்து வந்த நாட்களிலும் விட்டுவிட்டுப் பெய்தது. அக்கம்பக்கத்தார் மக்ரோனித் தட்டுகளையும் சூப் பாத்திரங்களையும் ஏந்திக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அந்த இடுக்கு வழியாகச் சுற்றித்தான் வாசலுக்கு வந்தார்கள், சுற்றித்தான் போனார்கள். டானிஸோடு வேலை பார்த்த ஒருவன் மட்டும், நான் ஒரு நிமிஷத்தில் உள்ளே தள்ளிவிடுவேன் என்று ஆரம்பித்தான். கேரிஸ் அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றினாள்.

அந்த வண்டியில் ஒரு குரல் இருந்தது. சாவியைத் திருப்பியதும் கண்ணாடிக்கு அருகே எங்கிருந்தோ ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். சுங்கச் சாவடிக்கான அட்டை உள்ளே இல்லை என்கிறாளாம். கழற்றிவிடட்டுமா என்று விற்றவர் கேட்டபோது, பாவம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் டானிஸ்.

காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன் கெல்வின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போவான். பனிக்குள் கதவு முனகித் திறக்கும். வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்புவான். குரல் பேசும். பணிவாக, அவசரமில்லாமல், யாரோ பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல. பேசி முடியும்வரை நேரே எதிரில் இருந்த பனி மூடிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பான். இடப்பக்கம் திரும்ப மாட்டான். திரும்பாத வரைக்கும் அந்தப் பக்கம் காலியில்லை. முழங்காலுக்கு அருகே குளிர் சற்றுக் குறைவாக இருப்பதுபோலக்கூட இருக்கும். ஒரு நாள் இருக்கையின் ஸ்பிரிங் மெல்லக் கிரீச்சிட்டது. அவன் சாவியை எடுத்துவிட்டு, கைகளைத் தொடைகளின்மேல் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அசையாமல் இருந்தான்.

சமூகக் கூடத்தில் சடங்கு வைத்திருந்த நாள் காலை, அவன் எழுந்ததும் மாவு பிசைந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் ஆகும்படி பன் சுட்டுத் தட்டுகளில் அடுக்கினான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, இந்த வண்டியில்தான் போகிறோம் என்றான். கேரிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையின் கையுறையைத் தேடப் போய்விட்டாள்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் அசையவில்லை. குரலும் வரவில்லை. மறுபடி திருப்பினான். முள் ஒன்றுகூட நகரவில்லை.

வில்லா வண்டியின் அருகில் வந்து நின்றாள். கருப்பு உடுப்புக்குக் கீழே பெரிய பனி பூட்ஸ்.

"அப்பா, நான்தான். அந்த அக்கா பேசுறதக் கேக்கப் போனேன்."

"எத்தன தடவ?"

"நிறைய."

அவளுக்குப் பின்னால் பன் தட்டோடு நின்ற கேரிஸ் கீழே பார்த்துக்கொண்டு, "நானும்தான்," என்றாள்.

கெல்வின் இரண்டு பேரையும் பார்த்தான். சாவி ராத்திரியில் அவன் கோட்டுப் பையில்தான் கிடக்கும். மூன்று பேர் மூன்று நேரத்தில் போயிருக்கிறார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை.

"பேட்டரி பழசு," என்றான். "குளிருக்கு இப்படித்தான் போகும்."

டார்சி தன் பிக்கப்பை முகத்தோடு முகமாகக் கொண்டுவந்து நிறுத்தி, கேபிள் போட்டான். எஞ்சின் இருமி, கரும்புகை விட்டு, பிடித்துக்கொண்டது. குரல் தன் வாக்கியத்தைச் சொன்னது. நால்வரும் அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவாவது டிரெய்லரக் கழட்டிடலாமா, மாப்ள? கல்யாணத்துக்கும் சாவுக்கும் யாராவது கூடாரத்த இழுத்துட்டு வருவாங்களா?"

கெல்வின் முன்னால் பார்த்தான். பின்னால் எடுக்காமல் இந்த இடத்திலிருந்து வெளியேற ஒரே வழி, நேரே எதிரில் இருந்த டானிஸின் பூப்பாத்தி. பனிக்கு மேலே கருகிய சூரியகாந்தித் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் பார்வை போன இடத்தை டார்சியும் பார்த்தான். பெருமூச்சு விட்டான். சாவுக்கென்று வாங்கிய புது ஷூவோடு போய், பாத்தியின் ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் பெயர்த்து ஒதுக்கிவிட்டு, தன் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டான்.

கேரிஸ் இடப்பக்கக் கதவைத் திறந்து அங்கேயே சற்று நின்றாள். பிறகு பன் தட்டை அந்த இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, பின்னால் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூடான ரொட்டி வாசனை வண்டி முழுக்கப் பரவியது.

தண்டுகள் வண்டிக்கு அடியில் உரசி முறிந்தன. டிரெய்லர் ஒருமுறை குலுங்கி, பின்னாலேயே நேராக வந்தது. வெளிக்கதவைத் தாண்டிச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மான்கள் நுழையாமல் கதவைச் சாத்த கெல்வின் இறங்கினான்.

முற்றம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் மட்டும், பெரிதாக ஒன்று சிறிதாக ஒன்று, கோணலாகச் சேர்ந்த, பனி படாத இரண்டு காய்ந்த புல் திட்டுகள். வாசலிலிருந்து கிளம்பிய காலடித் தடம், இத்தனை நாள் எல்லாரும் நடந்து நடந்து இறுகிப்போன பாதை, அந்தப் புல்லை மிதிக்காமல் வேலி ஓரமாக வளைந்து, ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு அவன் கால்வரை வந்து நின்றது. மறுபடி பனி தூவ ஆரம்பித்திருந்தது. புல்லின் மேலும் விழுந்தது.

அவன் கொக்கியை மாட்டினான்.