சிலையின் காலடியில் வைத்த சோறு

1
இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. எங்கள் ஊர் நினைவகத்தில் நாளை மாட்டப்போகும் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். முன்னோருக்குப் படைக்கும் சிங்மிங் நாள். புரட்சித் தலைவர் ஷாங் யுவான்தாவின் வெண்கலச் சிலைக்கு முன்னால் சோறும் மூங்கில் குருத்து வதக்கலும் வைத்து, லியாவ் குய்சியாங் அக்கா மண்டியிட்டிருக்கிறாள்.

'மறைந்த தலைவர்மேல் மக்கள் கொண்ட அழியாத...' (அடித்துவிட்டேன். கை கூசுகிறது.)

2
வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். ஷாங், பண்ணையார்களின் நிலத்தைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். அக்காவின் அப்பாவுக்கும் கிடைத்தது. மறு வருஷம் அதே அப்பாவை உளவாளி என்று சொல்லி, இன்னும் பலரோடு சுட்டுக் குழியில் தள்ளச் சொன்னதும் அவர்தான். அக்கா அப்போது தாய் வயிற்றில். பிற்பாடு அந்தக் குழிமேல்தான் சிலை எழுந்தது. அப்பாவுக்குப் படைக்க அவளுக்கு வேறு இடம் இல்லை.

(ஷாங்கை வெறும் வில்லனாக்கினால் கதை சுலபமாக முடியும். அக்கா விடமாட்டாள். "நெலம் குடுத்ததும் அந்தாளுதான் தம்பி. அதையும் எழுது. அரைகுறையா எழுதாத.")

3
எல்லாவற்றையும் எழுதி நினைவக இயக்குநர் பெங்கிடம் நீட்டினேன்.

"எழுத்தாளரே, இத மாட்டினா மேலிடத்துலேர்ந்து ஆள் வரும். சிலையச் சுத்தி வேலி போட்ருவாங்க. அப்புறம் அந்தம்மா சோத்த எங்க வைக்கும், உங்க தலையிலயா?"

படத்தை இன்னொரு தரம் பார்த்தார். "சிலைக்கு வர்றவங்க எல்லாரும் தலைவர் மூஞ்சியப் பாக்கறாங்க. இந்தம்மா மட்டும் ஏன் தரையப் பாக்குது?"

பாவி மனுஷன், தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

4
அக்காவின் தோஃபு கடைக்குப் போய்ச் சொன்னேன். அவள் சோயாக் கட்டிகளை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"பொய்யவே எழுதிட்டுப் போ."

"உங்கப்பா பேரு ஒரு எடத்துலயாவது வர வேணாமாக்கா?"

"பேரு வயித்த ரொப்புமா? வருஷத்துக்கு ஒரு வேள சாப்பிடறாரு. அதுல மண்ணள்ளிப் போட்டுடாத."

செத்தவருக்கு ஒரு வாய் சோறு போட, கொன்றவரை அவள் கும்பிட்டதாக நான் எழுத வேண்டும்.

5
முடிவு ஒன்று: பொய்யை எழுதினேன். அக்கா அடுத்த வருஷமும் படைத்தாள்.

முடிவு இரண்டு: உண்மையை எழுதினேன். வேலி வந்தது. அக்கா சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே...

(இதற்குமேல் எழுத முடியவில்லை.)

மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. படத்துக்குக் கீழே இரண்டு வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்களே எழுதுங்கள். அவள் எதற்குத் தரையைப் பார்க்கிறாள் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். என்னைப் போலவே நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்.