வெளியே விடும் மூச்சு

எனக்கு வாய் நீளம் என்பார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால், அறுவை டாக்டர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அதனால் நானும் குறைத்துக்கொள்ளவில்லை.

அன்று மேசையில் படுத்திருந்தவர் எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன். பித்தப்பையில் கல். வயிற்றில் காற்றை நிரப்பி, சின்னத் துளைகள் போட்டு எடுக்கிற சாதாரண ஆபரேஷன்தான். வெளியே பெஞ்சில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளை குட்டி கிடையாது, அவருக்கு இவர், இவருக்கு அவர்.

தொண்டையில் குழாயைப் போட்டு மூச்சு இயந்திரத்தில் இணைத்துவிட்டால், என் கண் ஒரு கோட்டின் மேல்தான் இருக்கும். நோயாளி வெளியே விடும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்பதை அது மூச்சுக்கு மூச்சு மேடாக வரைந்து காட்டும். உடம்பு வேண்டாம் என்று தள்ள, இதயம் ரத்தத்தோடு நுரையீரலுக்கு அனுப்புகிற காற்று அது.

திடீரென்று மேடு பாதியாகக் குறைந்தது. அடுத்த மூச்சில் இன்னும் குறைந்தது. குழாய் எங்கேயோ மடங்கியிருக்கும் என்றார் டெக்னீஷியன். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு காட்டுகிறதே, இந்த மெஷினுக்கு வேறு வேலை இல்லை என்று அறுவை டாக்டர் அலுத்துக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாதாட நேரமில்லை. அளக்கிற மெல்லிய குழாயைக் கழற்றி, முகமூடியை இறக்கி, அதில் நானே ஊதினேன். திரையில் என் மூச்சு நிமிர்ந்து எழுந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. அண்ணனிடமிருந்துதான் வரவில்லை. வயிற்றில் நிரப்பிய காற்று ரத்தத்தில் புகுந்து இதயத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

“சார், காத்தை நிறுத்துங்க. உள்ள இருக்கறதை வெளிய விடுங்க, இப்பவே.”

அவர் உடனே காற்றை நிறுத்தி, உள்ளே இருந்ததைத் திறந்துவிட்டார். அதற்குள் கழுத்தில் நாடி அடங்கிவிட்டது. இதயத்தின் மின்கோடு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் நெஞ்சை அழுத்தினார். அவர் களைத்ததும் அறுவை டாக்டரே அழுத்தினார். நான் மருந்தை ஏற்றினேன். முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய மேடு பன்னிரண்டு, பதினொன்று என்று தரையோடு கிடந்தது.

பிறகு ஒரே மூச்சில் அது நாற்பதைத் தாண்டியது.

“வந்துட்டார்” என்றேன்.

அறுவை டாக்டர் நம்பாமல் கழுத்தில் விரலை வைத்தார். நாடி அடித்தது. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேரைத் தூங்க வைத்து எழுப்பியிருக்கிறேன். அன்றுபோல் எனக்குப் புல்லரித்ததில்லை. இதயம் திரும்பிய சேதியை, நாங்கள் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அவர் விட்ட மூச்சு கொண்டுவந்துவிட்டது. நான் அந்தத் திரையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அவர் கண் விழித்த பிறகு வெளியே போனேன். அண்ணி எழுந்து நின்றார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாச் சொந்தக்காரர்களும் கேட்பதையே கேட்டார். நான் பாதி காதில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிற கேள்விதான்.

“நல்லா மூச்சு விடறாரா டாக்டரம்மா?”

“விடறார் அண்ணி.”

நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.