நன்றாகக் கழுவிய தூள்

கலாநிதி றிஸ்லானுக்கு ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியாது. அவருடைய ஆய்வு மாணவி ஸில்மியா ஓட்டமாவடியிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய், ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் கிடந்து உருவாக்கிய பல்பகுதியத்தை, அதாவது பொலிமரை, தன் பெயரில் கட்டுரையாக்கிவிட்டார். மஞ்சள் நிறத் தூள் அது. கொஞ்சம் விற்றமின் சி சேர்த்த தண்ணீரில் கலக்கி வெயிலில் வைத்தால் ஐதரசன் குமிழ் குமிழாகக் கிளம்பும். கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. அவளுடைய பட்டம் அவர் கையில் இருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை.

கட்டுரையில் சொன்னதை நேரில் பார்க்கக் கொழும்பிலிருந்து நிபுணர் குழு வருகிறது என்றதும் றிஸ்லான் தூளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ள இது, கறுப்புக் கறுப்பாக் கிடக்கு? நல்லாக் கழுவி எடுங்க. ஆக்கள் பாக்கிற சாமான்."

அந்தக் கறுப்பு, தூளைச் செய்யும்போது அதில் தங்கிவிடும் பல்லேடியம் என்ற உலோகம். வெயிலை வாங்குவது தூள். ஐதரசனைக் கிளப்பி விடுவது அந்தக் கறுப்பு. ஸில்மியா தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதைத்தான் எழுதியிருந்தாள். மனிதர் அள்ளிக்கொண்டதை வாசிக்கவேயில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஓம் சேர்," என்றாள். உலோகத்தை இழுத்தெடுக்கும் கரைசலில் போட்டு மூன்று நாள் மனதாரக் கழுவினாள்.

குழு வந்த அன்று ஆய்வுகூடத்துக்கு வெளியே வாவிக்கரையில் உச்சி வெயில். குழுத் தலைவி பேராசிரியர் சுலோஜனா கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் குனிந்து நின்றார். உள்ளே தூள் தேசிக்காய் மஞ்சளில் பளிச்சென்றிருந்தது. கால் மணி போனது, அரை மணி போனது. ஒரு குமிழ் கிடையாது. றிஸ்லானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கப் பார்க்க ஸில்மியாவுக்கு இனித்தது.

"ஏன் வேலை செய்யல்ல?" என்று சுலோஜனா கேட்டார்.

றிஸ்லான் ஸில்மியாவின் பக்கம் விரலை நீட்டினார். "எனக்கென்ன தெரியும் மெடம்? தூளைச் செஞ்சது, கழுவினது, எல்லாம் இந்தப் பிள்ளதான். நான் கைகூட வைக்கல்ல."

ஸில்மியா ஒதுக்கி வைத்திருந்த கழுவாத தூளை எடுத்து இன்னொரு குடுவையில் கலக்கி வெயிலில் வைத்தாள். சற்று நேரத்தில் ஊசிமுனை அளவில் குமிழ்கள் கிளம்பின. பிறகு நிற்கவேயில்லை.

"கறுப்பக் கழுவினா ஒண்டும் வராது மெடம். சேர் கழுவச் சொன்னார், கழுவினன்." அவள் றிஸ்லானிடம் திரும்பினாள். "கைகூட வைக்கல்லண்டு இப்பச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க சேர்."

சுலோஜனா கோப்பிலிருந்து அந்தக் கட்டுரையை உருவி எடுத்தார். அதை எழுதியவராக இருந்த ஒரே பெயரின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, றிஸ்லான் வாய் திறக்கும்வரை நின்றார்.