தாய்மாமனுக்கு ஏற்ற கிருதா

நறுமுகையின் காது மூன்றாவது முறையும் மூடிக்கொண்டது. ஆசாரி ஊசியைக் கிட்டே கொண்டுபோனதும் தொட்டாற்சிணுங்கி இலை போல மடங்கி உள்ளே போய்விட்டது. முதல் தடவை பெரியப்பா மடியில் உட்கார வைத்தார்கள். இரண்டாம் தடவை, மண்டபத்தில் பாத்திரம், ஜமுக்காளம், நாற்காலிகளோடு வாடகைக்குக் கிடைக்கும் தாய்மாமனை எடுத்தார்கள். அவர் தங்கமான மனிதர். எத்தனையோ விசேஷம் பார்த்த மடி. காது அவரையும் ஏற்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு தலையணைக்குச் சட்டை போட்டு வைத்துப் பார்த்தார்கள். காதுக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகுதான் நறுமுகையின் அம்மா தமயந்தி மதுரைக்குப் போன் செய்தாள். எடுத்தவன் சுந்தரலிங்கம். அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். பிறந்தபோது அவனைப் பெண் என்று எழுதிக்கொண்டார்கள். தான் திருநம்பி என்று அவன் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் அவனோடு பேசவில்லை.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. நீதான் மடில வச்சு உக்காரணும்," என்றாள்.

"நானா?"

"வேற எத்தனை தாய்மாமன் இருக்கான் அவளுக்கு? வந்துருடா."

வைத்துவிட்டாள். அந்த 'டா' மட்டும் போனுக்குள் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. சுந்தரலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரிடம் சொன்னான். சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னான். தவறான எண்ணுக்கு அழைத்த ஒரு பெண்மணியை நிறுத்திவைத்து அவரிடமும் சொன்னான். அவர் சந்தோஷம் என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் தமயந்தியின் மாமனார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். நாலாவது தடவையும் காது மூடினால் அந்தத் தாய்மாமனோடு பேச்சுவார்த்தை கூடாது, அந்த எண்ணைப் போனிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டுக் கடிகாரமே அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், சுந்தரலிங்கத்துக்கு வயது இருபத்தொன்பது, பார்த்தால் பதினாலு. திருநம்பிகள் பலருக்கும் உள்ள தொல்லைதான் இது. ஹார்மோன் ஊசி போட்டு, முடி வெட்டி, சட்டை மாட்டிக்கொண்டு நின்றால் ஆண் என்று ஒத்துக்கொள்வார்கள். பெரிய ஆள் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லாரி ஆபீஸில் கணக்கு எழுதப் போகிறவனைக் காலையில் பள்ளிக்கூட வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படிப் போய் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வை இரண்டு தடவை எழுதியிருக்கிறான். கணக்கில்தான் போய்விட்டது. பெயரிலாவது கொஞ்சம் வயது ஏறட்டும் என்றுதான் சுந்தரலிங்கம் என்று வைத்துக்கொண்டான். தொப்பையோடு வரும் பெயர். தொப்பை வரவில்லை.

ஆகவே சகாயராஜைக் கூட்டிக்கொண்டான். சகாயராஜும் திருநம்பி. ரெடிமேட் கடையில் சட்டைப் பிரிவு. இவனுக்கு மூன்று வருடம் முன்பே தாடி வந்தவன் என்பதால் அந்த மூன்று வருடத்தையும் பட்டாளத்தில் இருந்த மாதிரி பேசுவான்.

ஞாயிறு காலை இருவரும் பஸ் ஏறி வந்து, காதுகுத்து நடக்கும் மண்டபத்தை ஒட்டியிருந்த பால்பாண்டியின் சலூனுக்குப் போனார்கள். சலூனின் முன்வாசல் கடைவீதியில் இருந்தது. பின்வாசல் மண்டபத்துக்குள் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நாற்காலி.

"எத்தனை வயசு வைக்கணும்?" என்றார் பால்பாண்டி. அவர் கண் டிவியில் ஓடும் கிரிக்கெட்டில் இருந்தது.

"முப்பது போதும்," என்றான் சகாயராஜ்.

"நாப்பது," என்றான் சுந்தரலிங்கம்.

"டேய், சொல்றதைக் கேளு."

"ஒரு தடவைதான்டா மாமனா உக்காரப் போறேன்."

பால்பாண்டி கத்தியை எடுத்தார். சகாயராஜ் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். "அண்ணே, கிருதாவைக் கூரா இறக்காதீங்க. நேரா வெட்டுங்க. கழுத்துக்குப் பின்னாடியும் கட்டமா எடுங்க, வளைவா வேணாம். புருவத்துப் பக்கமே போகாதீங்க. அது காடா இருக்கட்டும்."

இடது கிருதா நேரானது. எங்கேயோ ஒரு பீரோ கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. சுந்தரலிங்கத்துக்கு இரண்டு வயது கூடியது. வலது கிருதாவுக்கு இன்னும் இரண்டு. பின்னங்கழுத்துக்கு மூன்று. அவனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தன் கன்னத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"தாடியில நாலு முடிதான் இருக்கு. அதை வச்சு ஊரைக் கூட்டாத," என்றான் சகாயராஜ். "பஞ்சு மாதிரி நின்னா பையன்னு காட்டிக்குடுத்துரும். சுத்தமா வழிச்சிரணும். மீசையில மட்டும் லேசா மை தொட்டு வைப்போம். லேசா."

லேசாகத்தான் வைத்தான். மீசை குறிப்பறிந்துகொண்டது. இரண்டு பக்கமும் மடமடவென்று இறங்கி வந்து, கன்னத்தின் நடுவில் நின்று, போதுமா என்பதுபோலப் பார்த்தது.

பிறகு சட்டை. சகாயராஜே கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான். கருநீலத்தில் பொடிக் கட்டம். "கட்டம் போட்டா நெஞ்சு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு எவனுக்கும் தெரியாது. தையல் தோள் எலும்புல வந்து உக்காரணும். கீழ இறங்குச்சுன்னா அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி ஆயிரும். உள்ளுக்கு என்ன போட்டிருக்க?"

"பைண்டர்," என்றான். நெஞ்சை அமுக்கித் தட்டையாகக் காட்டும் உள்பனியன் அது.

"அளவுதானே? போன வருசம் மாதிரி கிரேப் துணியைச் சுத்தி இறுக்கலேல்ல?"

"இல்லடா."

"விலா எலும்புடா அது. விசேஷம் முடிஞ்சதும் கழட்டிரு."

சுந்தரலிங்கம் சட்டையைப் போட்டான். தையல் தோளில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது சும்மா இருக்கவில்லை, தோளைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தது. பால்பாண்டி போய்ப் பின்வாசல் நிலையைக் கழற்றி ஓரமாகச் சாத்தி வைத்தார். இவ்வளவு தோளுக்கு அந்த வாசல் போதாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"இப்பப் பேசிப் பாரு," என்றான் சகாயராஜ். "குரலை இறக்கு. பேச்சோட கடைசியை மேல தூக்காத. கேள்வி கேக்குற மாதிரியே இருக்கு."

சுந்தரலிங்கம் குரலை இறக்கினான். அது கைநழுவிக் கீழே விழுந்து, வெட்டிய முடிக்கு நடுவே உருண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. பால்பாண்டி துடைப்பத்தால் தள்ளி எடுத்து, இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் முடி ஒட்டியிருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டபோது குரல் கரகரவென்று வந்தது. அது இன்னும் நன்றாக இருந்தது.

"முப்பத்தஞ்சு வந்துருச்சு. போதும், எந்திரி," என்றான் சகாயராஜ்.

"இன்னும் கொஞ்சம்."

"வேணாம்டா."

"அண்ணே, காதுகிட்ட ரெண்டு நரை வைங்க."

ஆசை யாரை விட்டது. நரை வைத்ததும் ஒரு மூக்குக்கண்ணாடி கேட்டான். கண்ணாடி வந்ததும் பெரிய டயல் வைத்த வாட்ச் கேட்டான். வாட்ச் கட்டியதும் கையே மெதுவாக அசைய ஆரம்பித்தது. கடைசியில் எட்டு முழ வேட்டியைக் கட்டி நின்றபோது, பெயரோடு வர வேண்டிய தொப்பை வந்து சேர்ந்தது. அவனுக்கு உள்ளுக்குள் குலவைச் சத்தமே கேட்டது. சுவர்க் கண்ணாடியைப் பார்த்து, தன்னையே வணங்கினான். சகாயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பின்வாசல் வழியாக மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. தமயந்தியின் மாமனார் கைகூப்பிக்கொண்டே ஓடிவந்தார். "ஐயா வாங்க, ஐயா வாங்க" என்றார். இவ்வளவு பெரிய மனுஷன் பெயர் தனக்குத் தெரியவில்லையே என்கிற வெட்கம் அவர் முகத்தில் ஓடியது. அதனால் பெயரைக் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தினார். முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தார். மண்டபத்தில் புதிதாக மாட்டிய மின்விசிறியைத் திறந்துவைக்கச் சொன்னார். சுந்தரலிங்கம் திறந்துவைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். விசிறியும் நன்றாகச் சுற்றியது.

வாழ்நாளில் அவனை யாரும் ஐயா என்றதில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் கிசுகிசுக்கவில்லை, யாரும் மேலும் கீழும் அளக்கவில்லை. இதுவல்லவோ ஜெயிப்பது என்று நினைத்தான். வேட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மேடையைப் பார்த்தான். தாய்மாமன் உட்கார வேண்டிய மணை காலியாக இருந்தது. தமயந்தி இடுப்பில் நறுமுகையோடு வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவளிடம் போனான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"ஐயா, வர்ற வழியில என் தம்பியைப் பாத்தீங்களா?" என்றாள்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து தம்பி என்ற வார்த்தையைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"எப்படி இருப்பாப்ல?" என்றான்.

"ஒல்லியா இருப்பான். எங்கப்பா மாதிரியே விறுவிறுன்னு நடப்பான். ரோசக்காரன். இத்தனை நாளாப் பேசாம இருந்துட்டு இப்ப எதுக்குக் கூப்பிடுறேன்னு கோவிச்சுக்கிட்டு வராம இருந்துட்டானோ என்னமோ. அவன் கோவிச்சாலும் நியாயம்தான்."

"வந்துட்டேன்க்கா. நான்தான்."

"வெளையாடாதீங்க ஐயா," என்றாள் தமயந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தெருவைப் பார்த்தாள்.

மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. "வராதவனுக்காக எம்புட்டு நேரம் நிக்குறது? ஐயா மடி நல்ல மடியா இருக்கு. அதுலயே குத்திரலாம்." யாரும் மறுக்கவில்லை. சுந்தரலிங்கத்தை மணையில் உட்கார வைத்து, பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு குனிந்தார். நறுமுகை பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். அவளுடைய காது மெல்ல மடங்க ஆரம்பித்தது.

"மூடுதுங்க," என்றார் ஆசாரி.

மண்டபமே பெருமூச்சு விட்டது. மாமனார் மருமகளின் போனுக்காகக் கையை நீட்டினார். "அந்த நம்பரை எடுத்துருவோம்," என்றார்.

சுந்தரலிங்கம் பதறிப்போனான். நரையைத் தேய்த்தான், போகவில்லை. மீசையை இழுத்தான், அது இன்னும் நீண்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து சகாயராஜ், "வயசைக் குறைடா," என்று கத்தினான். எப்படிக் குறைப்பது என்று பால்பாண்டி சொல்லவில்லை. அவர் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

"அக்கா," என்றான் சுந்தரலிங்கம். கரகரத்த குரலில்தான் சொன்னான். பேச்சின் கடைசி மட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. "அக்கா, நான் கோவிச்சுக்கலக்கா. நீ கூப்பிடவும் ஓடியாந்துட்டேன். ஓடியாந்ததுல கொஞ்சம் அதிகமாப் போயிருச்சு."

தமயந்தி மேடையேறி வந்தாள். கிட்டே வந்து நரையைப் பார்த்தாள். வாட்சைப் பார்த்தாள். தொப்பையை ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு ஊரே பார்க்க அந்தப் பெரிய மனுஷனின் காதைப் பிடித்துத் திருகினாள். மாமனார் ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னடா கோலம் இது?"

"மாமனாத் தெரியணும்ல."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தொம்போது."

"அது போதாதாடா மாமனுக்கு?"

அக்காமார் காதைத் திருகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அவள் திருகத் திருக நரை போனது. கண்ணாடி போனது. தொப்பை, வந்த வழியே சொல்லாமல் கொள்ளாமல் போனது. மீசை கன்னத்திலிருந்து பின்வாங்கி உதட்டுக்கு மேலே வந்து மெலிதாக நின்றது. அதற்கு மேல் அவள் திருகவில்லை. கிருதா நேராகவே இருந்தது. சட்டையின் தையலும் தோளை விட்டு நகரவில்லை. மணையில் ஒல்லியாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா இது?" என்றார் மாமனார்.

"என் தம்பி. பிள்ளைக்குத் தாய்மாமன்," என்றாள் தமயந்தி. காதை அவள் இன்னும் விடவில்லை.

ஆசாரி ஒருவர்தான் வேலையில் கவனமாக இருந்தார். "திறக்குதுங்க," என்றார். நறுமுகையின் காது காலையில் விரிகிற பூவைப் போல அகலமாக வந்து நின்றது. அவர் சட்டென்று குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுதாள். கைக்கு எது கிடைக்கும் என்று தேடி, மாமனின் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மை அவள் விரலெல்லாம் ஒட்டியது. முடி ஒட்டவில்லை, அது அவனோடே இருந்தது. உயிர் போகிற மாதிரி வலித்தது. சுந்தரலிங்கம் அழுதான், சிரித்தான், எதை முதலில் செய்தான் என்று சகாயராஜாலும் சொல்ல முடியவில்லை.

"மாமா, பிள்ளையை அங்கிட்டுத் திருப்புங்க," என்றார் ஆசாரி. "இன்னொரு காது இருக்கு."

சுந்தரலிங்கம் திருப்பினான். அவள் மீசையை விடவில்லை. அதனால் அவன் முகமும் கூடவே திரும்பியது.