ஃபெலிக்ஸ் உட்கார்ந்த பக்கம்

முகப்பேரில் குடியிருக்கும் ஃபெலிக்ஸ் எதில் உட்கார்ந்தாலும் அது அவன் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்துவிடும். சோபா, கட்டில், ஷேர் ஆட்டோ, சர்ச் பெஞ்சு, எதுவும் தப்பாது. எடை மெஷினில் ஏறினால் எழுபத்தொன்றுதான் காட்டும். அவன் உயரத்துக்கு அது நல்ல எடை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். தரை சாயாது, மண் சாயாது. காலில் நிற்பது, சக்கரத்தில் ஓடுவது, தண்ணீரில் மிதப்பது, இவைதான் சாயும். பருத்திப்பட்டு ஏரியில் புதுசாகப் படகு விட்ட வருடம், மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் இது தொடங்கியது. அதற்கு முந்தின நாள்வரை அவன் ஊரில் எல்லாரையும் போல நேராக உட்கார்ந்திருந்த ஆள்தான்.

ஏரிக்குப் போகலாம் என்று கிளப்பியது மாமனார் டேவிட். பாளையங்கோட்டைக்காரர், பொதுப்பணித்துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பையில் மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, ஒரு ரசமட்டம் கட்டாயம் இருக்கும். ஹோட்டலுக்குப் போனால்கூட மேஜைமேல் அதை வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி சொல்வார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அந்தக் குடும்பத்தில் கறி கிடையாது, மீன் உண்டு. ஆகவே ஒவ்வொரு மாசியிலும் மடக்குத் தூண்டிலோடு மகள் எவாஞ்சலின் வீட்டில் வந்து இறங்குவார். மாசி, பங்குனியில்தான் நம் பக்கத்து ஏரிகள் மனிதர்களுக்கு லாயக்காக இருக்கும். தண்ணீர் வற்றியிருக்காது, வெயில் இன்னும் வாய் திறந்திருக்காது, ஜிலேபி மீன் கரையோரமாகவே மேயும். பேத்தி ரியாவுக்கு அப்போது நாலு வயது. படகில் ஒரு சுற்று, பிறகு கரையில் தூண்டில், மதியம் வீட்டில் குழம்பு என்று திட்டம்.

ஃபெலிக்ஸுக்கு ஒரு தம்பி உண்டு, பிராங்க். அப்பா அம்மா போன பிறகு இவனுக்கு ரத்த சொந்தமென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான். அண்ணன் படித்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். தம்பி பத்தாவதில் கோட்டைவிட்டு, ஏரியில் வலை இழுத்து, பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் அன்னக்கூடையில் மீன் வைத்து விற்றான். கல்யாணப் பேச்சு நடந்தபோது டேவிட், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு தம்பி, மும்பையில் கப்பல் கம்பெனியில் வேலை என்று ஃபெலிக்ஸ் சொன்னான். வாயில் எங்கிருந்து வந்ததோ அந்தக் கப்பல்! கல்யாணத்துக்குத் தம்பியைக் கூப்பிடவில்லை, ரியாவின் ஞானஸ்நானத்துக்கும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் பட்டாபிராம் டீக்கடையில் தனியாகச் சந்தித்து, புதுச்சட்டை ஒன்றைக் கையில் திணித்துவிட்டு வருவான், அவ்வளவுதான். பிராங்க் காரணம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால்கூட இவனுக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

தண்ணீர் தெரிந்த ஆள் வேண்டுமென்று படகுத்துறையில் பிராங்கை வேலைக்கு எடுத்திருந்தது அண்ணனுக்குத் தெரியாது. ஆட்களை ஏற இறங்கப் பார்த்தே எடை கணித்து, கனமானவர் இந்தப் பக்கம், மெலிந்தவர் அந்தப் பக்கம் என்று உட்காரவைத்துப் படகைத் தளும்பாமல் அனுப்புவான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தச் சனிக்கிழமை ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவன் அண்ணனைப் பார்த்தான். சந்தோஷத்தில் அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணாத்தே! நீ இன்னா இங்க? பாப்பா அப்டியே உன்ன மாரியே கீது!"

ஃபெலிக்ஸின் பக்கத்தில் டேவிட் நின்றிருந்தார். எவாஞ்சலின் நின்றிருந்தாள். பிராங்கின் கால்சட்டை முழங்கால்வரை ஈரம், கையில் மீன் வாடை, சிரித்த வாயில் ஒரு பல் இல்லை.

"யாருப்பா நீ?" என்றான் ஃபெலிக்ஸ்.

பிராங்க் ஒரு தடவை பெரியவர் முகத்தைப் பார்த்தான், ஒரு தடவை அண்ணியின் முகத்தைப் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்கு அதற்குமேல் ஆகவில்லை. "மன்ச்சுக்கோ சார், ஆள் மாறிப்பூச்சு. எங்கண்ணன் இதே மாரி இருப்பாரு" என்றான். பிறகு தன் வேலையைப் பார்த்தான். எல்லாருக்கும் ஜாக்கெட் மாட்டினான். ஃபெலிக்ஸின் நெஞ்சுக்குக் குறுக்கே வாரை இழுத்து, கொக்கியை மாட்டி, இறுக்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுதா சார்?" என்று கேட்டான். இல்லை என்றான் ஃபெலிக்ஸ்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும் அவன் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து எவாஞ்சலினின் சுடிதார் நனைந்தது. ரியா வீல் என்று கத்தினாள். டேவிட் எதிர்ப்பக்கம் நகர்ந்து பார்த்தார், தூண்டில் பை, டிபன் கூடை எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார். ம்ஹூம். "நட்டநடுவுல நவுந்து குந்து சார்!" என்று கரையிலிருந்து பிராங்க் கத்தினான். எல்லாருக்கும் சொல்வதுபோல அவனுக்கும் சொன்னான். அரைச் சுற்றுகூடப் போகாமல் திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை, காரும் வீடுவரை ஒருக்களித்தே வந்தது.

அதன் பிறகு அந்தக் குடும்பம் சாய்வோடு வாழப் பழகியது. ரசமட்டத்தைத் தரையில் வைத்து டேவிட் ஒரு வாரம் ஆராய்ந்தார். தரையில் குற்றமில்லை, சோபாவில்தான் குற்றம் என்று சோபாவை மாற்றச் சொன்னார். மாற்றிய சோபாவும் சாய்ந்தது. எவாஞ்சலின் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து சோபாவின் மறுமுனையில் வைத்துப் பூப்போட்ட துணியால் மூடினாள். விருந்தாளிகள் அதைத் திண்டு என்று நினைத்துச் சாய்ந்துகொள்வார்கள். கட்டிலில் அவள் அவன் பக்கமாக உருண்டு வருவது முதலில் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இடுப்பு வலி வந்த பிறகு பிடிக்கவில்லை. சர்ச்சில் பாதிப் பிரசங்கத்துக்குள் பெஞ்சு முழுவதும் அவன்மேல் சரிந்து கிடக்கும். ஷேர் ஆட்டோக்காரர்கள் அவன் முகத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு நிற்காமல் போனார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். காது டாக்டர் காதில் குறை ஒன்றுமில்லை என்றார். எதனால் என்று தெரிந்தவன் ஃபெலிக்ஸ் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஊரடங்கு வந்தது, போனது. வெங்காயம் ஏறியது, இறங்கியது. கிறிஸ்துமஸ்தோறும் ஃபெலிக்ஸ் தம்பிக்கு ஒரு சட்டை வாங்கினான். கொண்டுபோய்க் கொடுக்க முகம் இல்லாமல் பீரோவில் வைத்தான். மாசியில் மாமனார் வந்தால் படகுப் பேச்சை மாற்றி நசரத்பேட்டைக்கு அந்தப்பக்கம் உள்ள சின்ன ஏரிக்கு எல்லாரையும் கூட்டிப்போவான். அங்கே படகு கிடையாது. கரை மண்ணில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஒன்றும் சாயாது, அந்த இரண்டு மணி நேரம் அவன் மனிதனாக இருந்தான். அதையும் ஒரு வருடம் டேவிட் கெடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "பாவம், எம்புட்டுப் பாடு! உங்க தம்பி கப்பல்ல நல்லா இருக்காரா மாப்ள?" என்று கேட்டார். "நல்லா இருக்கான் மாமா" என்றான் ஃபெலிக்ஸ். தூண்டில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீன் கடித்து தக்கை உள்ளே போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. தன்னை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. திரும்பும்போது காரில் அவன் உட்கார்ந்த பக்கம் ரோட்டில் உரசி, பூந்தமல்லி வரும்வரை தீப்பொறி பறந்தது.

ரியா ஆறாம் வகுப்பு வந்துவிட்டாள். இந்த மாசியில் அவள் ஒரே பிடியாக நின்றாள். "கிளாஸ்ல எல்லாரும் போட்ல போயாச்சு டாடி. நம்ம மட்டும்தான் மண்ல உக்காந்துட்டு இருக்கோம்" என்றாள். தாத்தா பேத்தியின் கட்சி. ஃபெலிக்ஸ் தலைவலி என்றான், ஆபீஸ் கால் என்றான், எதுவும் எடுபடவில்லை. வழி நெடுக, தம்பி அந்த வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். ஆவடி தாண்டியதும், போயிருந்தால் எங்கே போய்த் தேடுவது என்று பயந்தான்.

படகுத்துறையில் உத்தமன் என்ற வேறொருவர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால், காயும் லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு அடியில், நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் உட்கார்ந்து பிராங்க் ஜாக்கெட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஒரு மணல் மூட்டையை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

ஃபெலிக்ஸ் அந்த மூட்டையைப் பார்த்தான். பூப்போட்ட துணி ஒன்றுதான் குறை.

அவன் பார்ப்பதைப் பார்த்து உத்தமனே சொன்னார். "அவரு அப்டிதான் சார். படகு ஏத்தறதுல கில்லாடி. நான் சேர்றதுக்கு முன்ன ஒருவாட்டி, யாரோ ஒரு குடும்பத்த ஏத்தி வுட்டுட்டு வந்து குந்துனாராம், பெஞ்சு சாஞ்சிச்சாம். அன்னிலேந்து அவரு கால வச்சா எந்தப் படகும் நிக்கல. தொவைக்கிற வேலைல போட்டுட்டாங்க."

யாருப்பா நீ என்று கேட்டது இவன். கேட்டவன் சாய்ந்தான், நியாயம். அண்ணனின் மானத்தைக் காப்பாற்ற, ஆள் மாறிப்போச்சு என்று சொன்ன வாய்க்கும் அதே தண்டனையா? தனக்கு சோபா போயிற்று. அவனுக்குக் கைவந்த தொழிலே போயிற்று. ஃபெலிக்ஸுக்குக் காது இரண்டும் சுட்டது. ஓடிப்போய்க் காரில் உட்காரலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதையும் சொல்லிவிட வேண்டும். கால்தான் வரவில்லை.

"மாமா" என்றான். "இவன் பிராங்க். என் தம்பி. கப்பல்ல எல்லாம் இல்ல. எப்பவுமே இல்ல. இங்கதான் இருந்தான்."

பிராங்க் சோப்பு நுரைக் கையோடு எழுந்தான். மணல் மூட்டைப் பக்கமாகப் பெஞ்சு தடாலென்று கவிழ்ந்தது. பெரியவரைப் பார்த்து, பழைய மாதிரியே, "இல்ல சார், ஆள் மாறி" என்று ஆரம்பித்தான்.

"மாறலடா" என்றான் ஃபெலிக்ஸ். அவ்வளவு பேர் பார்க்க அழுதான்.

எவாஞ்சலின் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. பிராங்கிடம், "எங்க கல்யாணத்துக்கு நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள். பிராங்க் அண்ணனைப் பார்த்தான். "கப்பல்ல லீவு குட்கல அண்ணி" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லெந்து முழுக்க அவள் ஃபெலிக்ஸோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை ரியாவிடம் கொடுத்து அனுப்பினாள். ஈஸ்டர் அன்றைக்குத்தான், "உப்பு போதுமா?" என்று கேட்டாள். கேட்டதே பெரிசு.

உண்மையைச் சொன்னதும் எல்லாம் நேராகியிருக்கும் என்று நினைப்பவர்கள் பருத்திப்பட்டுக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். ஒன்றும் நேராகவில்லை. அன்றைக்குத் துடுப்புப் படகில் ஃபெலிக்ஸ் ஏறியதும் அது வழக்கம்போல அவன் பக்கம் சாய்ந்தது. ரியாதான், "சித்தப்பா, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். உத்தமன் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். பிராங்க் எதிர்முனையில் உட்கார்ந்தான். படகு ஒருமுறை ஆடி நின்றது. டேவிட் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நடுப்பலகையில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். "நடுவுல நிக்கி" என்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஏரியைச் சுற்றி வந்தார்கள். பார்க்க வெட்கமாக இருந்தது இருவருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிராங்க் பட்டாபிராமிலிருந்து முகப்பேருக்கு வருகிறான். வாரத்துக்கு ஒன்றாகப் பீரோவில் இருந்த சட்டைகளைப் போட்டுக்கொள்கிறான். முதல் வருடத்துச் சட்டை வயிற்றில் இறுக்குகிறது. வந்ததும் சோபாவின் மறுமுனையில் உட்காருவான். அரிசி மூட்டை சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டது, அதிலிருந்து சோறும் ஆகிறது. சில வாரம் பஸ் கிடைக்காமல் அவன் வரத் தாமதமாகும். அப்போது ஃபெலிக்ஸ் சரிந்த சோபாவில், ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருப்பான். மூட்டையை எடுத்து வைக்கட்டுமா என்று எவாஞ்சலின் கேட்பாள். வேண்டாம், அவன் வரட்டும் என்பான்.