கறுப்பு மட்டைக்குப் பின்னால்

புருஷன் வந்து இறங்குவதற்கு முன்பே யூஜினி அவருக்குக் கோட் வாங்கி வைத்துவிட்டாள். எட்டு வருடத்துக்கு முந்திய தோளை மனதில் வைத்துக்கொண்டு, கடையில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து அளவு பார்த்து வாங்கியது. றெமிஜியஸ் வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கோட்டுக்குள் எங்கேயோ அவர் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கோட்டோடுதான் நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, வெக்ஸ்போர்ட்டில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்ரூடியோவுக்கு யூஜினியும் றெமிஜியஸும் மகள் ஸ்டெபனியும் படியேறினார்கள். நத்தார்ப் பெருநாளுக்கு அனுப்பப் படம் எடுக்க.

இந்த நத்தார்ப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். யூஜினிக்கு இரண்டு அக்காமார். பெரியவள் பாரிஸில், சின்னவள் லண்டனில். ஊரை விட்டுச் சிதறிய காலம் தொட்டு, நத்தாருக்கு நத்தார் ஸ்ரூடியோவில் குடும்பமாக எடுத்த படமொன்றை ஒருவருக்கொருவர் அனுப்புவது அவர்களுக்குள் வழக்கம். அத்தான்மார் கழுத்தில் ரை கட்டி, கன்னம் பளபளக்க, அக்காமாரின் தோளில் கை வைத்து நிற்பார்கள். யூஜினியிடம் அனுப்புவதற்கு ஸ்டெபனியின் பள்ளிக்கூடப் படம் மட்டும்தான் இருந்தது. அது போய்ச் சேர்ந்ததும் பெரியக்கா ரெலிபோன் எடுப்பாள். "பிள்ளை வடிவாயிருக்கிறாள்" என்பாள். பிறகு குரல் தணியும். "எத்தினை வரியத்துக்கடி இப்பிடித் தனிய இருக்கப் போறாய்? அந்தாள் இனி வரும் எண்டு எனக்கு நம்பிக்கையில்லை."

"வருவார் அக்கா" என்று மட்டும் சொல்லி யூஜினி ரெலிபோனை வைப்பாள். அடுத்த நாள் விடிய எழும்பி, பஸ் மாறி, யூனியன்வில்லில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் அவர் வந்தேவிட்டார். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து வெளியே வந்தவரை ஸ்டெபனி அடையாளம் காணாததில் வியப்பில்லை. அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவரை விட்டு வந்தவள். யூஜினிக்கே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளுக்குப் போய், முடி முழுக்க நரைத்து, முன்பல் இரண்டு இல்லாமல் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். பல் கொழும்பில் போனது. எப்படிப் போனது என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆகவே இந்த வருடத்துப் படம் அவளுக்கு வெறும் படமில்லை. எட்டு வருடம் ரெலிபோனில் வாங்கிய பேச்சுக்கெல்லாம் அவள் அனுப்பப்போகிற பதில்.

ஸ்ரூடியோக்காரன் பத்மநாதன் கிழமை நாட்களில் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நிற்பவன். சனி ஞாயிறில் அவனைப் பிடிக்க முடியாது. கலியாணவீடு, சாமத்தியவீடு, முதல் நன்மை எல்லாவற்றுக்கும் அவன்தான். புதிதாக ஃபிளாஷ் லைட்டுகள் வாங்கியிருந்தான். கால் முளைத்த பெட்டிகள்போல அறை முழுக்க நின்றன.

"என்ர லைட்டுக்கு முன்னால வந்து நிண்டால் எருமை மாடும் மணவறையில இருக்கிற பொம்பிளை மாதிரித்தான் தெரியும்" என்றான்.

"அப்ப நாங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறம்" என்றார் றெமிஜியஸ்.

யூஜினியைக் கதிரையில் இருத்தி, ஸ்டெபனியை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, றெமிஜியஸைப் பின்னால் நிற்கச் சொன்னான் பத்மநாதன். கோட்டைப் பார்த்தான். போய் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகள் ஒரு பிடி எடுத்துவந்து, கோட்டின் மிச்சத் துணியை முதுகுப் பக்கமாக இழுத்து மடித்துக் குத்தத் தொடங்கினான். முன்னாலிருந்து பார்க்கக் கோட் அளவாக வந்துவிட்டது.

"தம்பி, என்னைக் கொடியில காயப்போடப் போறீரோ?" என்று றெமிஜியஸ் கேட்டார். "பனிக்காலத்தில கெதியாக் காயமாட்டன்."

ஸ்டெபனி சிரித்துவிட்டாள். வீட்டில் அப்பாவோடு "ஓம்", "இல்லை" என்று மட்டும் பேசிக்கொண்டு திரிந்த பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யூஜினி சிரிக்கவில்லை. அவள் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடி விடும்போது பல்லில்லாத இடம் நன்றாகத் தெரிகிறது.

பத்மநாதன் பெரிய லைட்டை இடது பக்கம் வைத்தான். அதன் முகத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்ததால் வெளிச்சம் பால்போல விழுந்தது. வலது பக்கம் ஒரு வெள்ளைக் குடையை விரித்து அதற்குள் இன்னொரு ஃபிளாஷைத் திருப்பினான். நிழல்களைக் கொஞ்சம் கழுவிவிட அது. ஃபிளாஷ்களுக்குள் எரிந்தபடி இருக்கிற சின்ன மஞ்சள் பல்புகள், எந்த இடத்தில் வெளிச்சம், எந்த இடத்தில் நிழல் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். வெளிச்சம் அளக்கிற லைட் மீற்றரை ஒவ்வொருவர் நாடிக்குக் கீழேயும் பிடித்து அமத்திப் பார்த்தான். பிறகு கமராவின் பின்பக்கத்தில், உடனே படம் தருகிற பொலரோயிட்டைக் கொழுவினான்.

"இது சும்மா பரீட்சைக்கு. ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ."

டப் என்றது. அறை வெளுத்து மீண்டது. பொலரோயிட்டை இழுத்தெடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். குளிருக்குள் அது சரியாக விளையாதாம், உடம்புச் சூடு வேண்டுமாம்.

பேப்பரை உரித்ததும் யூஜினி எழும்பிப் போய்ப் பார்த்தாள்.

அவளும் மகளும் நன்றாகத்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற மனிதரின் கன்னங்களில் இரண்டு குழி. பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் எலும்பை எலும்பாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் வரைந்து வைத்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் பாரிஸில் பெரியக்காவின் விறாந்தைச் சுவரில், அத்தானுடைய படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் என்று நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது.

நீங்கள் அவளைக் கோபிக்க வேண்டாம். அவர் வரவேண்டும் என்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரம் சாப்பிட்டவளும் இவள்தான்.

"தம்பி" என்று பத்மநாதனைக் கமராவுக்குப் பின்னால் இழுத்தாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது. "உவற்றை முகத்தை ஒண்டும் செய்யேலாதோ?"

"என்ன செய்யிறது?"

"கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு. என்ர அக்காமாருக்கு அனுப்பிற படம். ஆளை அவ்வளவு தெரியாமல்..."

பத்மநாதன் தலையாட்டினான். இப்படிக் கேட்பவர்கள் அவனுக்குப் புதிதில்லை. நிறம் கூட்டச் சொல்லுவார்கள், மொட்டையை மறைக்கச் சொல்லுவார்கள். "அதுக்கென்னக்கா, அண்ணையைக் கொஞ்சம் நிழலுக்குள்ள விடுவம்" என்றான்.

ஒரு தாங்கியில் கறுப்பு மட்டையொன்றைக் கொழுவி, பெரிய லைட்டுக்கும் றெமிஜியஸுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தான். குடைக்குள் இருந்த ஃபிளாஷைக் குறைத்தான். மட்டையின் நிழல் றெமிஜியஸின் நெற்றியில் விழுந்து மெதுவாகக் கழுத்து மட்டும் இறங்கியது. யூஜினி போய்க் கதிரையில் இருந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் இதமாக இருந்தது.

"தம்பி, இதில நிண்டால் எனக்கு வெளிச்சம் வரேல்லைப் போல" என்றார் பின்னால் நின்ற றெமிஜியஸ்.

"படத்தில வரும் அண்ணை. நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

டப்.

இந்த முறை பொலரோயிட்டை ஸ்டெபனிதான் ஓடிப்போய் முதலில் வாங்கினாள். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "அம்மா, அப்பாவை மட்டும் காணேல்லை. ஹி லுக்ஸ் லைக் எ கோஸ்ட்."

"அது ஸ்ரைல் பிள்ளை" என்றான் பத்மநாதன்.

"நோ, ஸீரியஸ்லி. கோட் நிக்குது, ஆளைக் காணேல்லை."

றெமிஜியஸ் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் நின்ற மட்டையை ஒருதரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லாயிருக்கு. அம்மாவும் மகளும் நல்ல வடிவா வந்திருக்கினம்." பொலரோயிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடைய இடத்துக்கே போய் நின்றார். "தம்பி, நான் இதிலேயே நிக்கவோ, இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகவோ?"

நெஞ்சில் குத்த வேண்டும் என்று கேட்கவில்லை. ஒழுங்காக நிற்க வேண்டுமென்ற கரிசனையில்தான் கேட்டார். யூஜினிக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த எட்டு வருடமும் முகாமிலும் வரிசையிலும் நின்று பழகியவர், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறார்.

மட்டையை எடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? எடுங்கள் என்றால், யார் வைக்கச் சொன்னது என்று வரும். அவருக்குத் தெரியாமலே அதைச் சரிக்கட்டிவிட வேண்டுமென்று நினைத்தாள். அங்கேதான் பிழை விட்டாள்.

"தம்பி, லைட் ஏதோ சரியில்லைப் போல கிடக்கு" என்றாள், சாதாரணமாக. "உங்கட அந்த மட்டையில பிழையோ தெரியேல்லை."

பத்மநாதன் நிமிர்ந்தான். அவனுடைய புது லைட்டைப் பற்றி, அதுவும் வாடிக்கைக்காரர் முன்னால் அப்படிச் சொன்னால் அவனுக்குப் பொறுக்குமா?

"லைட்டில பிழையில்லையக்கா."

"இல்லை, இருட்டா வந்திருக்கு..."

"இருட்டாத்தானே வரும். நீங்கள்தானே அண்ணையைத் தெரியாமல் எடுக்கச் சொன்னனீங்கள். முதல் எடுத்ததைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இப்ப வந்து என்ர லைட்டில பிழையெண்டால்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். லைட் மீற்றரைத் தூக்கித் துடைக்கத் தொடங்கினான். கீழே கடையில் யாரோ முருங்கைக்காய்க்கு விலை பேசுவது கேட்டது. ஸ்டெபனி தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யூஜினி அதற்கு முன் தன் பிள்ளையின் முகத்தில் கண்டதில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள்.

"அவவில பிழையில்லைத் தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் அவவிட்டச் சொல்லிவிட்டனான். பல்லுக் கட்டும் மட்டும் என்னைப் பெரிசாக் காட்டாமல் எடுக்கட்டும் எண்டு. எனக்கு உம்மிட்டக் கேக்க ஒரு மாதிரி இருந்தது."

பொய். மகளுக்கு முன்னால் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஒரு சொல்லுக்கும் தடுமாறாமல் சொன்னார்.

"அப்பிடியெண்டால் சரி அண்ணை" என்றான் பத்மநாதன்.

"பிள்ளை என்னைக் காணேல்லையாம். அந்த மட்டையை எடுத்துவிடும். அவளுக்காகச் சிரிப்பம்."

மட்டை போனது. குடை மறுபடி வெளுத்தது. பத்மநாதன் பொலரோயிட்டைக் கழற்றிவிட்டு ஃபிலிமைப் போட்டான். ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் திரும்ப நிறைந்து பீப் என்று சொல்ல, "அக்கா, நிமிருங்கோ" என்றான். "அக்கா, கமராவைப் பாருங்கோ." யூஜினி நிமிர்ந்தாள். நிமிர்ந்த தலை, வெளிச்சம் வெடிக்கிற நேரத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது. அவளுடைய தோளில் அவருடைய கை இருந்தது. எடுக்கும் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறதுக்குள் இது நல்லது என்று ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பத்மநாதன் பெருப்பித்துக் கொடுத்தான்.

அன்றிரவும் அதற்குப் பிறகும் றெமிஜியஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போல அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பஸ் தரிப்பு மட்டும் கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து ரெலிபோன் வந்தது. றெமிஜியஸ் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"படம் கிடைச்சுதடி" என்றாள் பெரியக்கா. "உன்ர மனுசன் நல்லா மெலிஞ்சுதான் போனார். ஆனா பாத்த உடன எனக்கு அழுகை வந்திட்டுது. அதே சிரிப்பு. கலியாணத்தண்டு கோயில் வாசலில சிரிச்ச அதே சிரிப்பு." பிறகு கேட்டாள். "உனக்கு என்னடி? வருத்தமே? நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய். குற்றவாளி மாதிரி."

ரெலிபோனில் பெரியக்காவின் குரல் எப்போதும் பெரிது. குசினிக்கும் கேட்டிருக்கிறது. "லைட் கண்ணில அடிச்சதெண்டு சொல்லும்" என்றார் றெமிஜியஸ், வெட்டுவதை நிறுத்தாமல்.

எவ்வளவு நல்ல பதில். எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

"இல்லையக்கா" என்றாள் யூஜினி. "அவற்றை முகத்தை மறைச்சு எடுக்கச் சொல்லி நான் அந்தத் தம்பியிட்டச் சொன்னனான். உங்களுக்கெல்லாம் காட்ட வெக்கப்பட்டனான். அது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு நிமிர ஏலாமல் போச்சு."

குசினியில் கத்திச் சத்தம் நின்றது. சொன்னதால் நெஞ்சு இறங்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. முகம் இன்னும்தான் சுட்டது. அடுத்த அறையில் ஸ்டெபனி ரீவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

றெமிஜியஸ் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கையிலிருந்த றிசீவரை மெதுவாக எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓம் அக்கா, நான்தான். ஓம், ஓம், மெலிவுதான். இஞ்ச இவ சோறு போட்டே ஆளைக் கொல்லுறா, அடுத்த வரியம் அந்தக் கோட் எனக்கு அளவு காணாது. அங்க பனியோ? இஞ்ச பனி மூடி வீட்டுப் படலையளைக் காணேல்லை..."

அவர் பேசிக்கொண்டே போனார். யூஜினி அவர் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குப் போய், பாதியில் கிடந்த வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.